நீலப் பொத்தானை அமுக்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில், இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் அருகில் இருக்கும் நெய்யூருக்கு மருத்துவமனையால்தான் பெயர். 1838-இல் லண்டன் மிஷன் சார்பில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி அது. எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்த டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல் பல ஆண்டுகள் அறுவைசிகிச்சை செய்ததும் இங்கேதான். இன்று புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள். எந்த மருத்துவமனையானாலும் காத்திருக்கும் நேரத்தில் ஒன்று நடக்கும்: நோயாளியோடு வந்தவர் கைபேசியை எடுத்து, டாக்டர் சொன்ன நோயின் பெயரைக் கூகுளில் அடித்துப் பார்ப்பார். அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவத் தளங்கள் வரிசையாக வரும். ஒன்றைத் திறந்தால் பாதித் திரையை மறைத்தபடி ஒரு பெட்டி எழும். ‘உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்’ என்று தொடங்கும் ஆங்கில வாசகம், கீழே பளிச்சென்று நீலத்திலோ பச்சையிலோ ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பெட்டி போய்விடும்.

இந்த வட்டாரத்தின் இன்னொரு தேடல் வெளிநாட்டு வேலை. நர்சிங் படித்துவிட்டு ஜெர்மனிக்கோ பிரிட்டனுக்கோ போக நினைக்கிறவர்கள் அந்த நாட்டு மருத்துவமனைகளின் தளங்களுக்குள் நுழைந்து பார்க்கிறார்கள். அங்கே இந்தப் பெட்டி இன்னும் பெரிதாக, சில நேரம் முழுக்க ஜெர்மன் மொழியில் வந்து நிற்கும். பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: “அந்த ஓகேயை அமுக்கு மக்ளே, அப்பதான் உள்ள போகும்.”

அந்த யோசனை தவறு. ஓகே அமுக்காமலும் உள்ளே போகலாம். பெரும்பாலான தளங்களில் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் அதே பக்கம் அப்படியே திறக்கும். எப்படிச் சொல்வது, அதையும் தினம் இருபது முறை சொல்லாமல் ஒரே தடவையில் எப்படி முடிப்பது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

பெட்டி எங்கிருந்து வந்தது

குக்கீ என்பது இணையதளம் நம் பிரவுசரில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்பு. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டுலி என்ற இளைஞர் உருவாக்கியது. அதற்கு முன்பு இணையதளத்துக்கு நினைவு கிடையாது. கூடையில் ஒரு பொருளைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால், வந்தவர் யார் என்றே அதற்குத் தெரியாது. குக்கீ அந்தக் குறையைத் தீர்த்தது. ரயில் டிக்கெட் எடுக்கும்போது லாகின் நிலைத்து நிற்பதும், மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் மறுநாளும் தமிழிலேயே வருவதும் இதனால்தான். இவற்றை யாரும் குறை சொல்வதில்லை.

சிக்கல் மூன்றாம் தரப்புக் குக்கீயில். ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறோம். அந்தப் பக்கத்துக்குள் ஒரு விளம்பர நிறுவனத்தின் துண்டு நிரலும் சேர்ந்து இறங்குகிறது. அது நம் பிரவுசருக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. அடுத்து ஒரு மருந்துத் தளத்துக்குப் போகிறோம். அங்கேயும் அதே நிறுவனத்தின் துண்டு இருக்கிறது. அதே எண்ணைப் பார்த்துக்கொள்கிறது. காலையில் செய்தி, மதியம் மருந்து, இரவில் கடன் விசாரணை என்று ஒருவரின் நாள் முழுவதும் அந்த எண்ணின் கீழ் சேர்ந்துகொண்டே போகும். இதில் பெயர் எங்கேயும் தேவைப்படுவதில்லை.

இதைக் கட்டுப்படுத்தத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஒரு வழிகாட்டு விதியைக் கொண்டுவந்தது. 2009-இல் அதைத் திருத்தி, அவசியமற்ற குக்கீ எதையும் அனுமதி வாங்காமல் வைக்கக் கூடாது என்றது. 2018 மே 25 முதல் ஜி.டி.பி.ஆர். என்ற தனிநபர் தகவல் சட்டம் அமலுக்கு வந்தபோது, அனுமதி என்றால் என்ன என்பதும் இறுகியது. முன்கூட்டியே டிக் போட்டுவைத்த கட்டம் அனுமதி ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ஆம் தேதி பிளானெட்49 வழக்கில் தீர்ப்புச் சொன்னது.

ஆக, பெட்டியின் நோக்கம் நல்லது. அறுவைசிகிச்சைக்கு முன் மருத்துவமனையில் வாங்கும் ஒப்புதல் கையெழுத்தைப் போன்றது அது: என்ன செய்யப்போகிறோம், யார் செய்வார்கள் என்று சொல்லி, சம்மதமா என்று கேட்க வேண்டும். ஆனால் கேட்கும் பொறுப்பை விளம்பரத்தால் பிழைக்கும் தளங்களிடமே விட்டதால், அவை கேட்கும் விதத்தையே மாற்றிவிட்டன. ‘சரி’ பெரிய எழுத்தில் ஒரே தட்டலில் முடியும். ‘வேண்டாம்’ சாம்பல் நிறத்தில், இரண்டு திரைக்கு அப்பால் ஒளிந்திருக்கும். படிக்கிறவர் களைத்துப்போய் சரி என்பார் என்பதே அந்த வடிவமைப்பின் எதிர்பார்ப்பு.

இது வெறும் சந்தேகமல்ல, அளந்து பார்த்த விஷயம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகம், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படும் தளங்களில் இருந்த இந்தப் பெட்டிகளை ஆராய்ந்தார்கள். சட்டத்தின் குறைந்தபட்சத் தேவைகளையாவது நிறைவேற்றியவை 11.8 சதவீதம்தான். கூடவே 40 பேரை வைத்து ஒரு சோதனையும் செய்தார்கள். முதல் திரையிலிருந்து ‘வேண்டாம்’ பொத்தானை எடுத்துவிட்டால், சம்மதம் சொல்கிறவர்களின் பங்கு 22 முதல் 23 சதவீதப் புள்ளிகள் வரை கூடியது. ஒரு பொத்தானை இடம் மாற்றியதற்கே இவ்வளவு விளைவு.

பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையமான க்னில் இதைத்தான் பிடித்தது. ஏற்பது எவ்வளவு எளிதோ மறுப்பதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. 2025 செப்டம்பரில் கூகுளுக்கு மீண்டும் 32.5 கோடி, ஷீன் என்ற துணி விற்பனைத் தளத்துக்கு 15 கோடி. இன்று பல தளங்களில் முதல் திரையிலேயே மறுப்புப் பொத்தான் தென்படுகிறது என்றால் இந்த அபராதங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்தப் பொத்தானைப் பயன்படுத்தத்தான் நாம் பழக வேண்டும்.

கேட்காமல் விடும் இடம்

பெட்டி வந்தால் எரிச்சல் வருகிறது. வராவிட்டால் நிம்மதியாக இருக்கிறது. இந்த நிம்மதியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிராங்க்ஃபர்ட்டில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் அனுமதிப் பெட்டி வரும். அதே பக்கத்தை அதே நேரத்தில் நெய்யூரில் அவள் அப்பா திறந்தால், பல தளங்களில் பெட்டியே வராது. பார்ப்பவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று தளம் கண்டுபிடித்து, ஐரோப்பியச் சட்டம் பொருந்துகிறவரிடம் மட்டும் கேட்கிறது. அப்பாவின் கைபேசியில் குக்கீ வைக்கப்படவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். பெட்டியை மட்டும் விரட்டினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். பெட்டியை அகற்றுவது ஒரு வேலை, பின்தொடர்வதைத் தடுப்பது இன்னொரு வேலை. இந்தியாவில் இருப்பவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

நோயைத் தேடும்போது

விளம்பரம்தானே, செருப்புக்குப் பதில் சேலை காட்டட்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நோய் அப்படியல்ல.

2022 ஜூனில் தி மார்க்கப் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம், நியூஸ்வீக் பட்டியலில் இருந்த 100 முன்னணி மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தது. 33 தளங்களில், நோயாளி டாக்டரைப் பார்க்க நேரம் பதிவுசெய்யும்போது அந்த விவரம் ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. மெட்டா பிக்சல் என்ற சின்ன நிரல் துண்டு செய்த வேலை. அதே ஆண்டு அக்டோபரில் அட்வகேட் அரோரா ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமம் சுமார் 30 லட்சம் நோயாளிகளுக்கு, உங்கள் தகவல் இப்படி வெளியே போயிருக்கலாம் என்று தெரிவிக்க வேண்டியதாயிற்று. 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் மருந்துத் தள்ளுபடி நிறுவனமான குட்ஆர்எக்ஸுக்கு 15 லட்சம் டாலர் அபராதம் போட்டது. மனநல ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இரண்டும், வெளியே தரமாட்டோம் என்று உறுதி சொல்லிவிட்டு உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குத் தந்ததாகக் குற்றச்சாட்டு. அதே ஆண்டு மே மாதம் பிரிட்டனின் அப்சர்வர் பத்திரிகை, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அமைப்புகளில் 20-இன் தளங்களிலும் அதே பிக்சல் இருந்ததைக் கண்டுபிடித்தது. ஏமாற்றுத் தளங்கள் செய்த காரியமில்லை இது. நம்பி நுழைகிற மருத்துவமனைகளின் பக்கங்களில் நடந்தது.

புற்றுநோய் என்று கேள்விப்பட்ட வீட்டில் அடுத்த ஒரு வாரம் தேடல் மட்டும்தான் நடக்கும். அந்த வாரத்தில் அந்தக் குடும்பத்தை ‘இந்த நோயைப் பற்றிப் படிக்கிறவர்கள்’ என்று யாரோ ஒரு கணக்கில் எழுதிவைத்தால், அந்தக் கணக்கு எங்கெல்லாம் விலைபோகும் என்பதை அவர்களால் பின்தொடரவே முடியாது. அறுவைசிகிச்சை இல்லாமல் குணம், மூலிகையால் 40 நாளில் குணம் என்று சொல்லும் வியாபாரிகளுக்கு அச்சத்தில் இருக்கும் மனிதரைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் கிடையாது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. நீரிழிவும் அந்தத் தடைப் பட்டியலில் உண்டு. அப்படி ஒரு விளம்பரம் திரையில் வந்தால் அதைத் தட்டாமல் விட இந்த ஒரு தகவலே போதும்.

நோய் பற்றித் தேடுவதற்கு ஓர் எளிய பழக்கம் வைத்துக்கொள்ளலாம். மறைநிலைச் சாளரம், அதாவது இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து தேட வேண்டும். குரோமில் அந்தச் சாளரம் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தானாகவே தடுக்கிறது. மூடியவுடன் உள்ளே சேர்ந்த குக்கீகளும் அழிந்துவிடும். அதற்குள் போய் ஜிமெயில், ஃபேஸ்புக் எதிலும் லாகின் செய்யக் கூடாது; செய்தால் பாதிப் பயன் போய்விடும். மறைநிலை என்பது நம் கைபேசியில் தடம் விடாமல் பார்க்கும் ஏற்பாடு மட்டுமே. போகிற தளத்துக்கும் நெட் தருகிற நிறுவனத்துக்கும் அது எதையும் மறைப்பதில்லை.

பெட்டிக்குள் வழி கண்டுபிடிப்பது

பெட்டி வந்துவிட்டது, வேறு எந்த ஏற்பாடும் இன்னும் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் ‘ரிஜெக்ட் ஆல்’ இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் அதை அமுக்கினால் முடிந்தது. லாகின், கூடை, மொழித் தேர்வு போன்ற அவசியக் குக்கீகள் அதற்குப் பிறகும் வேலை செய்யும். பிரிட்டிஷ் அரசுத் தளங்களில் விசா விவரம் பார்க்கிறவர்கள் இதை நல்ல வடிவத்திலேயே பார்க்கலாம்: கூடுதல் குக்கீகளை ஏற்கிறேன், மறுக்கிறேன் என்ற இரண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எல்லாத் தளமும் அப்படி இருந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

மறுப்புப் பொத்தான் கண்ணில் படாவிட்டால் பெட்டியின் மேல் மூலையைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுத் தளங்களில் ‘ஏற்காமல் தொடர்கிறேன்’ என்ற பொருளில் ஒரு சின்ன வரி அங்கே ஒதுங்கி இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் ‘மேனேஜ் ஆப்ஷன்ஸ்’ அல்லது ‘செட்டிங்ஸ்’. உள்ளே போனதும் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் எல்லாம் அணைந்தே இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியடைந்து வெளியே வருகிறவர்கள்தான் அதிகம். பக்கத்தில் ‘லெஜிட்டிமேட் இன்ட்ரஸ்ட்’ என்று இன்னொரு தாவல் இருக்கும். உங்கள் சம்மதம் இல்லாமலேயே எங்களுக்கு நியாயமான தேவை இருக்கிறது என்று நிறுவனங்கள் உரிமை கொண்டாடும் இடம் அது. அங்கே சுவிட்சுகள் எரிந்துகொண்டிருக்கும். ‘ஆப்ஜெக்ட் ஆல்’ இருந்தால் அதைத் தட்டி அத்தனையையும் ஒரே தடவையில் அணைக்கலாம். அதன் பிறகு அமுக்க வேண்டியது ‘சேவ்’ அல்லது ‘கன்ஃபர்ம் மை சாய்ஸஸ்’. அதற்கும் பக்கத்திலேயே பெரிதாக ‘அக்செப்ட் ஆல்’ நிற்கும். அவசரத்தில் அதில் விரல் பட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

ஜெர்மன் தளங்களுக்குப் போகிறவர்கள் நான்கைந்து சொற்களைக் கண்ணால் அடையாளம் கண்டால் போதும். ‘ஆல்லே அக்செப்டீரன்’ என்றால் எல்லாம் ஏற்கிறேன். இதைத் தொடக் கூடாது. ‘ஆப்லேனன்’ என்றால் மறுக்கிறேன். ‘நூர் நோட்வெண்டிகே’ என்றால் அவசியமானவை மட்டும்; இதுவும் மறுப்புத்தான். ‘ஐன்ஷ்டெல்லுங்கன்’ என்பது செட்டிங்ஸ், ‘ஷ்பைஹெர்ன்’ என்பது சேவ். வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிகள் கொடுக்கும் மொழிப் பயிற்சியில் வராத பாடம் இது.

ஜெர்மன் செய்தித் தளங்களில் வேறொரு முட்டுக்கட்டையும் உண்டு: குக்கீயை ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் மாதச் சந்தா கட்டு. மறுப்பதற்கு மூன்றாவது வழியே வைத்திருக்க மாட்டார்கள். பெரிய தளங்கள் இப்படி இரண்டே வழி வைப்பது பெரும்பாலும் செல்லுபடியான சம்மதமாகாது என்று ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு வாரியம் 2024 ஏப்ரலில் கருத்துச் சொன்னது. ஆனாலும் பெட்டி நிற்கிறது. அதே செய்தி வேறு தளத்தில் கிடைக்குமா என்று பார்ப்பதே நேர்வழி. கிடைக்காவிட்டால் மறைநிலைச் சாளரத்தில் திறந்து, படித்ததும் மூடிவிடலாம்.

வேண்டாம் என்று சொன்ன தளமே மறுபடி மறுபடி கேட்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நாம் சொன்ன ‘வேண்டாம்’ என்ற பதிலையும் தளம் ஒரு குக்கீயில்தான் எழுதிவைக்கிறது. பிரவுசரை மூடும்போது எல்லாக் குக்கீயும் அழியும்படி வைத்திருந்தால் அந்தப் பதிலும் சேர்ந்தே அழியும். அடுத்த முறை கேள்வி புதிதாக வரும். இதற்கு ஒவ்வொரு பெட்டியாகப் போராடுவது தீர்வல்ல.

பிரவுசரையே பதில் சொல்லவைப்பது

ஆண்ட்ராய்டு கைபேசியில் வரும் குரோமிலேயே ஒரு முதல் படி இருக்கிறது. அமைப்புகளுக்குப் போய், தள அமைப்புகளுக்குள் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் தேர்வை இயக்கலாம். பதிப்புக்குப் பதிப்பு இது இடம் மாறும். அமைப்புகளின் தேடல் பெட்டியில் குக்கீ என்று அடித்தால் வந்துவிடும். குரோம் இதைத் தானாகச் செய்வதில்லை. மூன்றாம் தரப்புக் குக்கீகளை ஒழிப்போம் என்று கூகுள் 2020-இல் அறிவித்தது, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்தே அவற்றை முழுக்கத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் அந்தந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்துவைக்கிறது.

இதனால் பின்தொடர்வது குறையும், பெட்டி குறையாது. இரண்டும் போக வேண்டுமென்றால் பிரவுசரை மாற்றுவதுதான் வழி. அதிகம் யோசிக்க விரும்பாதவர்களுக்கு பிரேவ் ஏற்றது. நிறுவியதும் விளம்பரப் பின்தொடர்வைத் தடுக்கிறது. அமைப்புகளில் குக்கீ அனுமதி அறிவிப்புகளைத் தடுக்கும் சுவிட்ச் தனியாக இருக்கிறது. டக்டக்கோ பிரவுசரும் பெட்டி வந்ததும் முடிந்தவரை மறுப்பைத் தேர்ந்தெடுத்து மூடிவிடும்.

கொஞ்சம் மெனக்கெடத் தயாராக இருப்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியும் (எக்ஸ்டென்ஷன்) சேர்ந்ததே சிறந்த கூட்டணி. ஃபயர்ஃபாக்ஸ் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் நீட்சிகளை ஏற்கும். குரோம் கைபேசியில் ஏற்காது. நீட்சியை நிறுவியதும் அதன் டாஷ்போர்டைத் திறந்து, ஃபில்டர் லிஸ்ட்ஸ் பகுதியில் ‘குக்கீ நோட்டீசஸ்’ என்ற பிரிவுக்கு டிக் போட்டு, மாற்றத்தைச் சேமிக்க வேண்டும். இந்தப் பிரிவு இயல்பாக அணைந்திருக்கும். அதைத் தேடிப் போடாதவர்கள், நிறுவியும் பெட்டி வருகிறதே என்பார்கள். கம்ப்யூட்டரில் குரோம் வைத்திருப்பவர்களுக்குப் பழைய யூபிளாக் ஆரிஜின் இப்போது வேலை செய்வதில்லை. யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சிறிய வடிவம் கிடைக்கிறது.

மேலே சொன்ன 11.8 சதவீத ஆய்வில் பங்கெடுத்த ஆர்ஹஸ் பல்கலைக்கழகமே கன்சென்ட்-ஓ-மேட்டிக் என்ற இலவச நீட்சியைத் தருகிறது. எவற்றுக்குச் சம்மதம், எவற்றுக்கு இல்லை என்று ஒரு முறை சொல்லிவைத்தால், அது தெரிந்த பெட்டிகளைத் தானே நிரப்பி மூடும். யூபிளாக் பெட்டியைக் காட்டாமல் மறைக்கிறது. இது பதில் சொல்லிவிட்டு வருகிறது. ‘ஐ டோன்ட் கேர் அபௌட் குக்கீஸ்’ என்ற பெயரில் புகழ்பெற்ற இன்னொரு நீட்சி இருக்கிறது. பெட்டி தொலைவதுதான் அதன் நோக்கம். தேவைப்பட்டால் நம் சார்பில் ‘சரி’ என்றும் சொல்லிவிடும். இந்த நூலின் பரிந்துரைப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பெட்டியை மறைத்த பிறகு சில தளங்களில் பக்கம் உறைந்துவிடும். மேலும் கீழும் நகராது. அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்து, பக்கத்தைப் புதுப்பித்து, பெட்டியில் கையால் மறுப்புச் சொன்னால் சரியாகும். கட்டுரையை மட்டும் படிக்க வேண்டுமென்றால் ரீடர் மோடு போதும். ஐபோன்காரர்கள் சஃபாரியில், கவனத்தைச் சிதறடிக்கும் பகுதியை மறைக்கும் வசதியால் பெட்டியைத் தட்டி அகற்றலாம், ஐ.ஓ.எஸ். 18 முதல் அது இருக்கிறது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் சொன்னது. ஆறு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் கேட்பது தொடர்பான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன.

குக்கீ என்ற சொல் இந்தச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் குக்கீயால் சேரும் தனிநபர் தகவலுக்கு அதன் பிரிவுகள் பொருந்தும். சம்மதம் தன்னிச்சையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும். கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் ஏறக்குறைய அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். நெய்யூர் வாசகருக்கு இன்னொரு பிரிவு இன்னும் பெரிய விஷயம்: சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. சட்டத்துக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்காகத் தகவல் கேட்பதோடு கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது, பயனர் இரண்டுக்கும் சரி என்றாலும், எண்கள் சிகிச்சைக்குத் தேவையற்றவை என்பதால் அந்தச் சம்மதம் சிகிச்சைத் தகவலோடு நின்றுவிடும். மருத்துவமனை ஊர் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டைச் சட்டம் எழுதியவர்கள் தந்திருக்க முடியாது.

18 வயது நிறையாதவர்களைப் பின்தொடர்வதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் சட்டம் தடைவிதிக்கிறது. சம்மத விதிகளை மீறினால் அபராதம் 50 கோடி ரூபாய் வரை போகலாம்.

2027 வரை கையில் ஒன்றும் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக விதிகள் வெளியிட்டு, 13 வகைகளைப் பட்டியலிட்டது. மறுப்பை மங்கலாக்கி ஏற்பைப் பளிச்சிடவைப்பது, திரும்பத் திரும்ப நச்சரிப்பது, குழப்பும் சொற்களால் கேட்பது எல்லாம் அதில் அடக்கம். இந்தியாவில் பொருளோ சேவையோ விற்கும் தளம் இப்படிச் செய்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம்.

அம்மாவின் கைபேசி

ஜெர்மனியில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது சரிசெய்துவிட்டுப் போக வேண்டியது அம்மா, அப்பாவின் கைபேசியை. எது கேட்டாலும் ‘அலவ்’ கொடுக்கப் பழகிய விரலுக்குக் குக்கீயைவிடப் பெரிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அமுக்குங்கள்’ என்று ஒரு பக்கம் கேட்கும். அது கேட்பது அறிவிப்பு அனுப்பும் அனுமதி. அமுக்கியதும், கைபேசியில் வைரஸ் இருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று இரவும் பகலும் அறிவிப்புகள் வந்து குவியும். கைபேசி கெட்டுவிட்டது என்று கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் முன், குரோமின் தள அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதியைத் திறந்து, அனுமதி பெற்றிருக்கும் தெரியாத தளங்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். அதன் பிறகு மேலே உள்ள சுவிட்சையே அணைத்துவிட்டால் எந்தத் தளமும் இனிக் கேட்காது.

அடுத்தது செயலிகள். அவை குக்கீயை நம்பியிருப்பதில்லை. ஆண்ட்ராய்டு தரும் விளம்பர அடையாள எண்ணை வைத்து ஆளைப் பின்தொடர்கின்றன. கைபேசி அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் விளம்பரங்கள் என்ற இடத்தில் அந்த எண்ணை அழிக்கும் வசதி உண்டு. ஐபோனில் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்கும். ‘ஆஸ்க் ஆப் நாட் டு டிராக்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேள்வியே வராமல் அமைப்புகளில் ஒரேயடியாக அணைத்தும் விடலாம்.

பிரேவையோ ஃபயர்ஃபாக்ஸையோ நிறுவி, அதையே இயல்பு பிரவுசராக்கி, முகப்புத் திரையில் பழைய குரோம் இருந்த அதே இடத்தில் புதியதை வைத்துவிட்டுப் போவது நல்லது. இடம் மாறினால் பெரியவர்கள் பழையதையே தேடிப் போவார்கள். ஈ-சேவை மையத்திலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ விண்ணப்பம் போடும்போது மறைநிலைச் சாளரத்தில் திறக்கச் சொல்லி, முடிந்ததும் அதை மூடவைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

பிரவுசர் அறிவிப்புகளை அணைத்தால் வங்கிக் குறுஞ்செய்தி வராமல் போய்விடுமோ, வாட்ஸ்ஆப் அழைப்பு கேட்காதோ என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். அவை பிரவுசர் வழியாக வருவதில்லை. முன்பு போலவே வரும்.